பெட்ரோலா, டீசலா: அமெரிக்கப் பிக்கப்களின் இழுவைக் கேள்வி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டில்லன் என்ற ஊரைத் தாண்டியதும் ஐ-70 நெடுஞ்சாலை மலையேறத் தொடங்குகிறது. சுமார் 8 மைல் தூரம், பல இடங்களில் 7 சதவீத ஏற்றம். உச்சியில் கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் ஐசனோவர் சுரங்கப்பாதை. விடுமுறை நாட்களில் இந்தச் சாலையின் வலது தடத்தில், பின்னால் வீடு போன்ற ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு பிக்கப் வண்டிகள் வரிசையாக ஏறும். சில வண்டிகள் அதிக இரைச்சலில்லாமல் 60 மைல் வேகத்திலேயே போகும். சில, எஞ்சின் அலற அலற, 40 மைலைப் பிடித்துக்கொள்ளவே திணறும்.

'இழுவைக்கு எந்த எஞ்சின்?' என்ற கேள்வி அமெரிக்காவில் சுமார் 45 ஆண்டுகளாகக் கேட்கப்படுகிறது. விவசாயிகள், குதிரை வளர்ப்போர், கட்டட ஒப்பந்ததாரர்கள், ஓய்வுபெற்று ட்ரெய்லரிலேயே ஊர் சுற்றும் தம்பதியர் என ஒவ்வொரு தரப்பும் தன் பதிலில் உறுதியாக இருக்கிறது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எவை இன்றும் செல்லும், எவை பழைய வண்டிகளோடு காலாவதியாகிவிட்டன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. அமெரிக்கர்கள் பெட்ரோலை 'கேஸ்' என்பார்கள். நமக்கு அது சமையல் சிலிண்டரை நினைவூட்டும் என்பதால் இங்கு பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசலின் பெயர் வலுவான இழுவை, எரிபொருள் சிக்கனம், நீண்ட ஆயுள் என்ற மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுந்தது. கடந்த 20 ஆண்டுகளில் அந்த மூட்டை அவிழ்ந்துவிட்டது. முதல் பொருள் பத்திரமாக இருக்கிறது. மற்ற இரண்டையும் இனி தனித்தனியாக எடைபோட்டுத்தான் ஏற்க முடியும்.

எந்த வண்டியைப் பற்றிய பேச்சு

அமெரிக்கப் பிக்கப்களை அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று மூன்று வகையாகப் பேச்சுவழக்கில் பிரிப்பார்கள். ஃபோர்டில் எஃப்-150, எஃப்-250, எஃப்-350 என்பவை முறையே இவற்றைக் குறிக்கும். பெயரில் உள்ள டன் கணக்குக்கும் இன்றைய வண்டி உண்மையில் சுமக்கும் எடைக்கும் தொடர்பு அறுந்து வெகுநாளாகிறது. அரை டன் வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் எஞ்சின்தான். விவாதம் சூடுபிடிப்பது மற்ற இரண்டு வகைகளில். ஒரே வண்டி, ஒரே சட்டகம். ஆனால் பெரிய பெட்ரோல் வி8 ஒரு விலைக்கு, டீசல் அதைவிட ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதலாக. அந்த 10,000 டாலருக்கு வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வியின் நடைமுறை வடிவம்.

அமுக்கமும் தீப்பொறியும்

இரண்டு எஞ்சின்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியில் எரிகின்றன. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் பதினைந்தில் அல்லது பதினெட்டில் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அந்த அமுக்கத்தில் சூடேறிய காற்றுக்குள் எரிபொருள் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. அமுக்கம் கூடினால் வெப்பத்திலிருந்து வேலையைக் கறக்கும் திறனும் கூடும். தவிர, பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழியை அடைத்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த அடைப்புக்குப் பெயர் த்ராட்டில். டீசலில் அதன் தேவை அநேகமாக இல்லை. எரிபொருளின் அளவைக் குறைத்தாலே போதும். பாதிச் சுமையில் ஓடும்போது டீசல் குறைவாகக் குடிப்பதற்கு இது முக்கியக் காரணம்.

எரிபொருளிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஒரு கேலன் டீசலில், அமெரிக்காவில் விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைவிட ஏறக்குறைய 12 முதல் 14 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் வண்டியின் மைலேஜ் பெருமையில் ஒரு பகுதி எஞ்சினைச் சேர்ந்ததல்ல, எரிபொருளின் அடர்த்தியைச் சேர்ந்தது.

சிக்கனத்துக்காக வந்தது, இழுவைக்காக நின்றது

1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்கு இடையில் அமெரிக்க நிறுவனங்கள் டீசலைத் தேடிப் போனது எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். இழுவை அன்று முதன்மை நோக்கமாக இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு 1978இல் கொண்டுவந்த 5.7 லிட்டர் டீசல் வி8, கார்களிலும் அரை டன் பிக்கப்களிலும் வந்தது. அது ஒரு பெட்ரோல் எஞ்சினை அப்படியே டீசலாக மாற்றிச் செய்தது என்று இன்றும் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. எஞ்சின் பிளாக் வலுப்படுத்தப்பட்டிருந்தது. சிலிண்டர் தலையை இறுக்கும் போல்ட்டுகளின் அமைப்புதான் பெட்ரோல் எஞ்சினிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. 22.5 மடங்கு அமுக்கத்தை அந்தப் போல்ட்டுகளால் பிடித்து வைக்க முடியவில்லை. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் பாகமும் வைக்கப்படவில்லை. 1985இல் அந்த எஞ்சின் நிறுத்தப்பட்டபோது, டீசல் என்றாலே பழுது என்ற எண்ணம் அமெரிக்கக் கார் வாங்குவோரிடம் ஊறிப்போயிருந்தது.

பிக்கப்களில் கதை வேறு திசையில் போனது. 1982இல் ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் டீசலும், அடுத்த ஆண்டு ஃபோர்டுக்காக இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்த 6.9 லிட்டர் டீசலும் வந்தன. இரண்டிலும், காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லை. சிக்கனமாக ஓடின; மலையேற்றத்தில் மூச்சு வாங்கின.

திருப்புமுனை 1989. டிராக்டர்களுக்கும் தொழிற்கருவிகளுக்கும் செய்யப்பட்ட 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ கொண்ட கம்மின்ஸ் எஞ்சினை டாட்ஜ் தன் பிக்கப்பில் வைத்தது. அதன் குதிரைத்திறன் 160 மட்டுமே. அதே காலத்து ஃபோர்டின் பெரிய 7.5 லிட்டர் பெட்ரோல் வி8 சுமார் 230 குதிரைத்திறன் தந்தது. ஆனால் கம்மின்ஸின் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 540 நியூட்டன் மீட்டர். அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கிடைத்தது. 1994இல் ஃபோர்டின் 7.3 பவர்ஸ்ட்ரோக், 2001இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுசுவோடு சேர்ந்து செய்த 6.6 டூராமேக்ஸ் என மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். சிக்கனத்தின் அடையாளமாக வந்த டீசல், இழுவையின் அடையாளமாக மாறியது இந்த 12 ஆண்டுகளில்தான்.

முறுக்குவிசை வாதமும் அதற்கான மறுப்பும்

டீசல் தரப்பின் முதல் வாதம் முறுக்குவிசை. அந்த எண் வளர்ந்த வேகம் மலைக்க வைக்கிறது. 1989இல் 400 பவுண்டு-அடி. 2019இல், டாட்ஜின் வழிவந்த ராம் முதன்முதலாக 1,000ஐத் தொட்டது. 2023 ஃபோர்டின் உயர்திறன் பவர்ஸ்ட்ரோக் 1,200. பெட்ரோல் பக்கம் 2020இல் வந்த ஃபோர்டின் 7.3 லிட்டர் வி8 தருவது 475. எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போட்டியே இல்லை என்று தோன்றும்.

மறுப்பு இயற்பியலிலிருந்து வருகிறது. எஞ்சினிலிருந்து வரும் முறுக்குவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர் அதைப் பெருக்குகிறது, பின் ஆக்சில் மீண்டும் பெருக்குகிறது. மலையில் ஒரு சுமையை இவ்வளவு வேகத்தில் ஏற்ற முடியுமா என்பதை முடிவுசெய்வது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கிவரும் குதிரைத்திறன். 2020ஆம் ஆண்டு ஃபோர்டு டீசல் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் 1,050 பவுண்டு-அடி தந்தது. அந்த இடத்தில் அதன் திறன் 320 குதிரைத்திறன். அதே ஆண்டின் 7.3 பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றில் 475 பவுண்டு-அடி தந்தது. அங்கே அதன் திறன் ஏறக்குறைய 360. பெட்ரோல் எஞ்சினாலும் அந்த வேலையைச் செய்ய முடியும் என்பதே இதன் பொருள். ஆனால் அதற்கு இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். இரண்டுக்குமே 10 கியர் தானியங்கிப் பெட்டி கிடைப்பதால், தேவையான சுற்றில் எஞ்சினை நிறுத்தி வைப்பதும் முன்னைவிட எளிது. 4 கியர் காலத்தில் பெட்ரோல் எஞ்சின் ஏற்றத்தில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையில் தத்தளித்தது. அந்தக் காலத்து நினைவை வைத்துக்கொண்டு இன்றைய வண்டியை மதிப்பிடுவது நியாயமாகாது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 20,000 பவுண்டு, அதாவது சுமார் 9 டன் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 60 மைல் வேகத்தில் இதைத் தூக்கிச் செல்ல, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறக்குறைய 190 குதிரைத்திறன் வேண்டும். சுவர்போல் நிற்கும் ட்ரெய்லரின் முகத்தில் மோதும் காற்று, டயர்களின் உருளல் தடை இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு 100 போகலாம். ஆக, சக்கரத்தில் சுமார் 300. கடல்மட்டத்தை ஒட்டிய மலைகளில் 430 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், சத்தம் போட்டாலும், இதைச் செய்துவிடும்.

டில்லன் மலையில்தான் கணக்கு மாறுகிறது. 11,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதமே. டர்போ இல்லாத எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று அதே அளவுக்குக் குறையும். 430 குதிரைத்திறன் 300 அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் கியர்ப்பெட்டியும் ஆக்சிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். மெலிந்த காற்று ட்ரெய்லரின் முகத்தில் மோதும் தடையையும் ஓரளவு குறைக்கும் என்பது உண்மை. ஆனால் புவியீர்ப்பு எந்தத் தள்ளுபடியும் தருவதில்லை. டர்போ பொருத்திய டீசல், மெலிந்த காற்றையும் அழுத்தித் திணித்துக்கொள்வதால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கிறது. முறுக்குவிசை வாதத்தில் இன்றும் உறுதியாக நிற்பது இந்த உயர மலை வாதம்தான். ஆனால் கவனியுங்கள்: இது டீசலின் வெற்றி மட்டுமல்ல, டர்போவின் வெற்றியும்கூட.

இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டது ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட். 2011இல் எஃப்-150இல் வந்த இந்த இரட்டை டர்போ பெட்ரோல் வி6, 420 பவுண்டு-அடியை 2,500 சுற்றிலேயே தந்தது. அரை டன் வண்டிகளில் டீசலுக்கான தேவையை அது பெருமளவு குறைத்தது. அதே வகையில் வந்த டீசல்களில் ஃபோர்டின் 3.0 லிட்டர் 2018 முதல் 2021 வரைதான் நின்றது; ராம் 1500இன் ஈக்கோடீசல் 2023இல் நின்றது; ஜெனரல் மோட்டார்ஸின் 3.0 லிட்டர் டூராமேக்ஸ் மட்டும் தொடர்கிறது. டர்போ பெட்ரோலின் பலவீனம் தெரிந்ததே. கனமான சுமையில் சிலிண்டர் வெப்பத்தை அடக்கக் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டிவரும். வெறும் வண்டியாக ஓடும்போது காட்டிய மைலேஜ் அப்போது கரைந்துவிடும்.

ஒரு பொதுத் தராசு

நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இழுவை எண்ணைத் தானே முடிவுசெய்து விளம்பரப்படுத்தியது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஜே2807 தரநிலை இதற்கு ஒரு பொது முறையைத் தந்தது. டொயோட்டா அதை 2011 டண்ட்ரா பிக்கப்புக்கு முதலில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் பல ஆண்டுகள் தாமதித்தே வந்து சேர்ந்தன. அந்தத் தரநிலைப்படி வண்டி, அரிசோனாவின் டேவிஸ் அணைக்கு அருகே 11.4 மைல் ஏற்றத்தில், வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கையில், ஏசியை முழுக்கத் திறந்து வைத்தபடி, முழுச் சுமையோடு ஏற வேண்டும். வேகம் 40 மைலுக்குக் கீழே போகக் கூடாது. பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட வண்டிகளுக்கு 35.

நல்ல சோதனைதான். ஆனால் அந்த ஏற்றம் முடியும் உயரம் சுமார் 3,500 அடியே. வெப்பத்தை அது சோதிக்கிறது, மெலிந்த காற்றைச் சோதிப்பதில்லை. ராக்கி மலைத்தொடரில் வாழ்பவர், கையேட்டில் அச்சிட்ட பெட்ரோல் வண்டியின் இழுவை எண்ணை அப்படியே நம்பினால் ஏமாற வாய்ப்புண்டு.

இழுவை எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு விஷயம் ஓட்டுநர் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் இருக்கிறது. வண்டிக்குள்ளும் மேலும் ஏற்றக்கூடிய மொத்த எடையை அது சொல்லும். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிடச் சில நூறு பவுண்டு கனம்; வண்டியின் மொத்த எடை வரம்பு அதற்காக உயர்த்தப்படாவிட்டால், சுமக்கும் எடையிலிருந்து அது கழிந்துவிடும். பிக்கப்பின் தொட்டி நடுவில் கொக்கி பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர், தன் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதத்தை வண்டியின் முதுகில் ஏற்றும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 20 சதவீதக் கணக்கில் 2,400 பவுண்டு. அதற்கு மேல் நான்கு பேர், பெட்டிகள், கொக்கியின் எடை. 15,000 பவுண்டு இழுப்பேன் என்று மார்தட்டும் முக்கால் டன் டீசல், இந்தத் தாளின் கணக்கில் 12,000க்கே தோற்றுவிடலாம். எஞ்சின் விவாதத்தில் மூழ்குபவர்கள் பெரும்பாலும் இந்தத் தாளைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் இந்த வரிசை எனக்குக் கவலை தருகிறது.

இறங்கும்போது

ஏற்றத்தைப் பற்றி எழுதுகிற அளவுக்கு இறக்கத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஏறும்போது புவியீர்ப்புக்குக் கொடுத்த 190 குதிரைத்திறன், இறங்கும்போது வண்டியைத் தள்ளும் திறனாகத் திரும்பி வரும். காற்றும் டயர்களும் 100ஐ விழுங்கினாலும், 60 மைல் வேகத்தில் மீதி 90ஐ எங்காவது வெப்பமாகக் கரைத்தாக வேண்டும். பிரேக்கே அத்தனையையும் தாங்கினால், சில மைல்களில் அது சூடேறிப் பிடி விட்டுவிடும். மலைச் சாலைகளின் ஓரத்தில் கட்டுப்பாடு இழந்த லாரிகளுக்காக மணல் சரிவுகள் அமைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

இங்கே ஒரு பழைய உண்மை தலைகீழாகியிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். எஞ்சின் வெற்றிடத்தை இழுத்து, வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும். த்ராட்டில் இல்லாத பழைய டீசலில் இந்தப் பிடிப்பு மிகக் குறைவு. 1990களில் டீசல் பிக்கப் ஓட்டியவர்கள் தனியாக வாங்கிப் பொருத்திய எக்ஸாஸ்ட் பிரேக், 2007 நடுவில் ராமிலும், 2011இல் ஃபோர்டிலும் ஜெனரல் மோட்டார்ஸிலும் நிறுவனமே தரும் அம்சமாக வந்தது. டர்போவின் இறகுகளை மூடிப் புகை வெளியேறும் வழியை நெருக்கினால், எஞ்சின் தன் புகையையே அழுத்திக்கொண்டு தள்ளாடும். அந்தத் தடை வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பெட்ரோல் எஞ்சின் உருவாக்கும் வெற்றிடத்துக்குக் காற்றழுத்தம் ஒரு மேல்வரம்பு. உயரம் கூடக் கூட அந்த வரம்பும் தாழும். கனமான சுமையோடு அடிக்கடி மலை இறங்குபவருக்கு டீசலை வாங்க இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து. முறுக்குவிசை எண்ணைவிட இது வலுவான வாதம். விளம்பரங்களில் அதற்குக் கிடைக்கும் இடமோ சிறியது.

கணக்குப் புத்தகம்

இந்தியாவில் 2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தது. டீசல் என்றால் மலிவு என்ற எண்ணம் நமக்கு இயல்பாக வந்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. மத்திய அரசின் வரியே பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். 2000களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான காலம் டீசல் விலை பெட்ரோலைவிடக் கூடுதலாகவே இருந்து வருகிறது.

உத்தேச எண்களை வைத்துப் பார்ப்போம். கனமான ட்ரெய்லரோடு பெட்ரோல் வண்டி கேலனுக்கு 8 மைல், டீசல் 11 மைல் தரட்டும், பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80 டாலர். மைலுக்குப் பெட்ரோல் செலவு 40 சென்ட், டீசல் ஏறக்குறைய 34.5. மிச்சம் ஐந்தரை சென்ட். எஞ்சினுக்குக் கொடுத்த கூடுதல் 10,000 டாலர் திரும்பிவர ஏறக்குறைய 1,80,000 மைல் ஓட வேண்டும், அத்தனையும் ட்ரெய்லரோடு. இரண்டு எரிபொருளும் 3.50 டாலருக்கே விற்றால் இது 84,000 மைலாகப் பாதிக்கும் கீழே இறங்கும். விலையில் 60 சென்ட் ஏறி இறங்கினால் முடிவே புரண்டுவிடுகிறது. எனவே 'டீசல் காசை மிச்சப்படுத்தும்' என்று பொதுவாகச் சொல்வதும் 'மிச்சப்படுத்தாது' என்று பொதுவாகச் சொல்வதும் ஒருபோலப் பலவீனமானவை.

இந்தக் கணக்கில் சேராதவை இரு பக்கமும் உண்டு. டீசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் 10 முதல் 12 லிட்டர் எஞ்சின் ஆயில், எரிபொருள் ஃபில்டர்கள், புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல் என்று செலவு கூடும். மறுபக்கம், விற்கும்போது டீசல் வண்டி கூடுதல் விலையில் நல்ல பங்கைத் திரும்பத் தருவது வழக்கம். ஆண்டுக்கு 40,000 மைல் ஓட்டும் ட்ரெய்லர்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் தொழில்முறை ஓட்டுநருக்கும், கோடையில் நான்கு முறை படகை ஏரிக்கு இழுத்துப் போகிறவருக்கும் ஒரே விடை இருக்க வழியில்லை.

புகை

டீசலின் ஆதரவாளர்கள் கசப்போடு பேசும் பகுதி இது. 2007 மாடல்களிலிருந்து கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டியும், 2010ஐ ஒட்டி நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசலைப் பீய்ச்சும் அமைப்பும் வந்தன. வடிகட்டியில் சேரும் கரியை அவ்வப்போது சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கனமான சுமையில் நெடுந்தூரம் ஓடும்போது அது தானாக நடந்துவிடும். பள்ளிக்கும் கடைக்கும் இரண்டு மைல் போய் வரும் வண்டியில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். யூரியா தீர்ந்தாலோ அதன் சென்சார் பழுதானாலோ கணினி வண்டியின் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடும். நடுவழியில் சுமையோடு நிற்பவரின் கோபம் புரிகிறது.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் தந்த மதிப்பீட்டின்படி, 10 ஆண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களிலிருந்து இந்த அமைப்புகள் கழற்றப்பட்டிருக்கின்றன. அவ்வண்டிகள் தம் ஆயுளில் கூடுதலாக விடும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல். நிறுவனங்களும் இதில் விலகி நிற்கவில்லை. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் பிக்கப்களின் எஞ்சின்களில் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்ததாக எழுந்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட உடன்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்ட உரிமையியல் அபராதங்களில் அதுவே பெரியது.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யும் இன்றைய வண்டியின் புகை அந்த ஆய்வுகளில் வந்த பழைய எஞ்சின்களின் புகையைவிட மிகச் சுத்தம் என்பதையும் சொல்ல வேண்டும். வடிகட்டியைக் கழற்றியவர் அந்தச் சுத்தத்தைத்தான் கழற்றி எறிகிறார். நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு இருக்கும் குழந்தையின் நுரையீரல், எந்த வாங்குபவரின் கணக்குப் புத்தகத்திலும் ஒரு வரியாக இல்லை.

கார்பன் கணக்கில் டீசலுக்கு ஓரளவு நியாயம் கிடைக்கும். ஒரு கேலன் டீசல் எரிந்தால் சுமார் 10.2 கிலோ கார்பன் டைஆக்சைடு, ஒரு கேலன் பெட்ரோலுக்கு 8.9 கிலோ. மேலே சொன்ன 11, 8 மைல் கணக்கை வைத்தால், மைலுக்கு டீசல் 0.93 கிலோ, பெட்ரோல் 1.11 கிலோ. நன்மை உண்டு, மைலேஜ் எண் காட்டும் அளவுக்கு இல்லை.

நீண்ட ஆயுள் என்ற நம்பிக்கை

டீசல் பல லட்சம் மைல் ஓடும் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் 1990களின் கம்மின்ஸ் எஞ்சின்கள். முழுக்க இயந்திர முறையில் இயங்கும் எரிபொருள் பம்ப், கணினி இல்லை, வடிகட்டி இல்லை. அந்த எஞ்சின்கள் சம்பாதித்த நற்பெயரை இன்றைய டீசல்கள் வாரிசுச் சொத்தாக அனுபவிக்கின்றன. இடையில் நடந்தவை அவ்வளவு நற்பெயருக்குரியவை அல்ல. ஃபோர்டில் 2003இல் வந்த 6.0 லிட்டர் டீசலின் பழுதுகள் ஃபோர்டையும் அதைச் செய்துகொடுத்த நாவிஸ்டாரையும் நீதிமன்றத்தில் நிறுத்தின. பிறகு சிபி4 என்ற உயரழுத்த பம்ப் சில வண்டிகளில் உட்புறம் தேய்ந்து, உலோகத் துகள்களை எரிபொருள் அமைப்பு முழுக்கப் பரப்பியது. பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை அத்தனையையும் மாற்ற வேண்டிய பழுது அது. 2019, 2020 மாடல் ராம் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய வகைப் பம்பையே பொருத்தினார்கள்.

இதே காலத்தில் பெட்ரோல் எஞ்சின்கள் எதிர்த்திசையில் நகர்ந்தன. ஃபோர்டின் 7.3 பெட்ரோல், வார்ப்பிரும்பு பிளாக்கும் பழைய புஷ்ராட் அமைப்பும் கொண்டது. டர்போவும் இல்லை, சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் முறையும் இல்லை. வேண்டுமென்றே எளிமையாகச் செய்யப்பட்ட எஞ்சின். ஊர் மெக்கானிக்கே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடலாம். எஞ்சின் பிளாக்கின் உறுதியில் டீசல் இன்னும் முந்தியிருக்கலாம். ஆனால் வண்டி நிற்பது பெரும்பாலும் பிளாக் உடைந்தல்ல. பம்ப், சென்சார், வடிகட்டி என்று அதைச் சுற்றியுள்ளவை பழுதாகித்தான். அந்தச் சுற்றுப்புறம் டீசலில் பெருத்துக்கொண்டே போகிறது.

இன்னும் தீராதவை

சில இடங்களில் விடை ஓரளவு தெளிவு. கூட்டு எடை 20,000 பவுண்டைத் தாண்டி, உயர மலைகளில் அடிக்கடி ஏறி இறங்குபவருக்கு டீசலுக்கு மாற்று இன்று இல்லை. 10,000 பவுண்டுக்குள், சமவெளியில், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் இழுப்பவருக்கு டீசலின் கூடுதல் விலையை நியாயப்படுத்துவது கடினம். இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் நிலத்தில்தான் பெரும்பாலான வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அங்கே எரிபொருள் விலையும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பதுமே முடிவை மாற்றுகின்றன.

மின்மோட்டாரின் வரவு இந்தக் கேள்வியை எங்கே கொண்டுபோகும் என்பதும் திறந்தே இருக்கிறது. 2022 டண்ட்ராவின் ஹைப்ரிட், பெட்ரோல் வி6உம் மோட்டாரும் சேர்ந்து 583 பவுண்டு-அடி தந்தது. குறைந்த சுற்றில் விசை என்ற டீசலின் தனிச் சொத்தில் மோட்டார் பங்கு கேட்கிறது. ஆனால் 8 மைல் மலையேற்றத்தில் சிறிய பேட்டரி தீர்ந்தபின் மிஞ்சுவது எஞ்சினின் குதிரைத்திறன்தான். முழு மின்சாரப் பிக்கப்கள் சுமை இழுக்கும்போது போகக்கூடிய தூரத்தில் பாதியளவு இழப்பதும் தெரிந்ததே.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளிப்பது ஒரு சிறு காகிதம் இல்லாமல் இருப்பது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் அரசு அளந்த மைலேஜ் ஒட்டப்பட்டிருக்கும். மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முக்கால் டன், ஒரு டன் வண்டிகள் அனைத்தும் இந்த வரம்புக்கு மேலே. மேலே நான் போட்ட கணக்கில் 8 என்றும் 11 என்றும் உத்தேசமாக வைக்க வேண்டிவந்தது அதனால்தான். சிறிய கார் வாங்கும் மாணவருக்குக் கிடைக்கும் அந்த எண், அதைவிடப் பல மடங்கு விலைகொடுத்து 9 டன் சுமையை மலையேற்றப் போகிறவருக்கு இன்றுவரை கிடைப்பதில்லை.